பசிக்கலம்மான்னு சொன்ன விரால் குஞ்சு

தள்ளிப் படுடி. அத்தைக்கு இடுப்பு விட்டுப்போச்சு. விடிஞ்சதுலேர்ந்து மார்க்கெட்ல உக்காந்து மீன் ஆஞ்சு ஆஞ்சு கை மரத்துக் கெடக்கு. உங்கம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள நீ தூங்கியிருக்கணும். சின்னக் கதைதான். நீ "ம்" கொட்டலைன்னா நிறுத்திடுவேன், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அந்த ஏரியில ஒரு விரால் அம்மா, அதுக்கு ஒரு கூட்டம் குஞ்சு. விரால் குஞ்சு சின்னதுல செவப்பா இருக்கும். குங்குமத்தைக் கொட்டுன மாதிரி தண்ணி மேல ஒண்ணா சுத்தும், அம்மா அடியில நின்னு காவல் காக்கும். அப்புறம் தின்னு வளந்து கறுத்துடும். கறுத்துட்டா கூட்டம் கலைஞ்சிடும், அதது தன் வழியப் பாத்துக்கிட்டுப் போயிடும். அதுக்குள்ள கறுக்காத குஞ்சு பாடு திண்டாட்டம். செவப்பு தூரத்துலேர்ந்தே தெரியும்ல, மீன்கொத்தி சளக்குனு வந்து தூக்கிடும்.

"ம்."

அந்தக் கூட்டத்துல கடைசிக் குஞ்சு பேரு சுண்டு. நோஞ்சான். மத்ததெல்லாம் தண்ணிப்பூச்சிய வெரட்டி வெரட்டித் தின்னா, இது போய்ச் சேர்றதுக்குள்ள பூச்சி பறந்துடும். அம்மாவுக்கு எந்நேரமும் அதே கவலை. இது என்னைக்குத் தின்னு, என்னைக்குக் கறுக்கப்போவுதுன்னு.

அப்போ என்னாச்சு, கரையில குழாயடிச் சண்டை. டமார்னு ஒரு செவப்பு பிளாஸ்டிக் குடம் ஒடைஞ்சுது.

"யாரு ஒடச்சா அத்தை?"

எவளோ ஒருத்தி. ஒடைஞ்சத ஏரியில வீசிட்டு வேற குடம் வாங்கப் போயிட்டா. அதுல ஒரு சில்லு பளபளன்னு அடியில வந்து விழுந்துச்சு. சுண்டு ஓடுச்சு. "அம்மா, இதத் திங்கட்டா?"

அம்மா மோந்து பாத்துச்சு. ஒரு வாசனையும் இல்ல. "வேணாம், இது நம்ம ஏரிப் பண்டமில்ல" அப்படின்னுச்சு. குஞ்சும் விட்டுடுச்சு.

அப்புறம் வெயில் அடிச்சுது, மழை பேஞ்சுது. கரையோரம் ஒதுங்குன மீதிக் குடம் காஞ்சு நொறுங்கித் தண்ணியில பொலபொலன்னு தூளாச்சு. தூள் மேல பாசி புடிச்சுது. பாசி புடிச்சா எல்லாம் ஏரி வாசனைதானே. சுண்டு மறுபடியும் வந்துச்சு. "அம்மா, இது?"

அம்மா மோந்து பாத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. "எதுக்கும் வாயில வச்சுப் பாரு, சரியில்லேன்னா துப்பு." மீனுக்குக் கையா இருக்கு? வாயாலதான் தொட்டுப் பாக்கணும். சுண்டு சப்பு சப்புனு சப்பிப் பாத்துச்சு. கல்லு மாதிரி கடக்குன்னுச்சு. த்தூ. துப்பிடுச்சு. அம்மாவுக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மூணாவது தடவை சுண்டு கேக்கவே இல்ல, அம்மாவே பாத்துச்சு. அந்தத் தூளத் தண்ணிப்பூச்சிங்க தின்னுடுச்சுங்க. தின்ன பூச்சியால வேகமா ஓட முடியல, வயித்து பாரத்துல மெள்ள மெள்ள நீந்துச்சு. அம்மா நெனைச்சுது, ஐயோ, இது என் சுண்டுக்குன்னே வந்திருக்குன்னு. உசுரு இருக்கு, துள்ளுது, மோந்தா வாசனை, கடிச்சா மெத்துன்னு இருக்கு. எதுலயும் குத்தமில்ல. வேகமா ஓடுற நல்ல பூச்சியெல்லாம் மத்த குஞ்சுக்கு விட்டுட்டு, மெதுவா போறதா பொறுக்கிப் பொறுக்கி சுண்டு முன்னால ஒதுக்கி விட்டுச்சு. சுண்டு லபக் லபக்குனு முழுங்குச்சு. தெனமும்.

"ம்."

அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாக் குஞ்சும் கறுத்துச்சு. கூட்டம் கலைஞ்சுது. சுண்டு மட்டும் செவப்பாவே நின்னுச்சு. அம்மா சொல்லுச்சு, "இன்னும் ரெண்டு வாய் தின்னுடா கண்ணு." சுண்டு, "பசிக்கலம்மா, வயிறு ரொம்பியிருக்கு"ன்னுச்சு. நீ இன்னைக்கு சோத்துத் தட்டத் தள்ளிவிட்டியே, அதே மாதிரி.

வயிறு ரொம்பித்தான் இருந்துச்சு, பானையாட்டம். முதுகுதான் நூலாப் போச்சு. குஞ்சு கலைஞ்சா விரால் அம்மாவும் போயிடணும், அதான் வழக்கம். இது போகல. அசந்து அசந்து கண்ணு சொருகுது, ஆனாலும் அடியில நின்னுச்சு.

"சுண்டு கறுத்துச்சா அத்தை?"

கண்ணை மூடு, சொல்றேன். அம்மா மறுபடியும் பூச்சி தேடிப் போச்சு. நல்லா மெதுவா போற பூச்சியா...

ம் சொல்லு.

சொல்லுடி.

தூங்கிட்ட. நல்லதாப் போச்சு. கறுக்கலடி தங்கம். மீன்கொத்தி கூட வரல அதுக்கு. ரொம்பின வயித்தோடயே பட்டினியா செத்துப்போச்சு. அந்த அம்மா வாயில இன்னொரு பூச்சியோட வந்து நின்னுச்சு, பாவம். எதக் குடுத்தோம்னு கடைசி வரைக்கும் அதுக்குத் தெரியவே தெரியாது.

கதை ஏரியோட, தூக்கம் உன்னோட. தூங்கு. காலையில ரெண்டு வாய் சோறு தின்னுட்டுப் போ.