கூர்மதியூரார் அம்மானை ஆடிய வரலாறு

உலகத்தில் முதன்முதலில் ஒரு பந்தை மேலே எறிந்து பிடித்தவர் தங்கள் ஊர்க்காரர்தான் என்பது கூர்மதியூராரின் முடிவு. அதற்கு முன்னாலும் எறிந்தவர்கள் இருந்தார்களாம். பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையாம். இதற்கு என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டால் அடிக்க வருவார்கள். அதுவே போதுமான ஆதாரம் என்று அந்த ஊரில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ஊர்த்தலைவர் செங்கோடனுக்கு இந்தப் பெருமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வருஷம் பெருமை மட்டும் அவருக்குப் போதவில்லை. கதிர் வாங்குகிற பருவத்தில் அவர் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அணைக்கட்டு மதகைத் திறப்பதும் மூடுவதும் பட்டக்காரர் அதிகாரத்தில் இருந்தது. அந்தச் சீமையில் அவர் சொன்னதுதான் சட்டம். அவரிடமிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்தான்.

"நவராத்திரிக்கு உங்க ஊர் அம்மானை பார்க்கணும்னு ஐயா ஆசைப்படறாருங்க. நல்லா ஆடினா மதகு உங்க பக்கம் திறக்கும். இல்லைன்னா தண்ணி பக்கத்து ஊருக்குப் போயிரும்."

அம்மானை என்பது மரக்காய்களை ஒன்று மாற்றி ஒன்றாக மேலே எறிந்து, பாடிக்கொண்டே பிடிக்கிற ஆட்டம். பாட்டில் அடிக்கு அடி 'அம்மானை' என்று முடியும். கூர்மதியூரில் அதை ஆடுகிறவர்கள் பெண்கள். செங்கோடன் மனைவி பாவாயி ஐந்து காயையும் எறிந்து பிடித்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரியோடு சண்டையும் போட்டு முடிப்பாள்.

"அப்ப நானும் நாலு பொண்ணுகளும் கிளம்பறமுங்க," என்றாள் பாவாயி.

செங்கோடன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க ஆடினா அது விளையாட்டு புள்ள. நாங்க ஆடினாத்தான் அது பாரம்பரியம்."

"உங்களுக்கு ஆடத் தெரியுமாங்க?"

"விளையாட்டுன்னாத் தெரிஞ்சிருக்கணும். பாரம்பரியத்துக்கு எதுக்கு? எப்படின்னு மட்டும் சொல்லு."

பாவாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு காய் எப்பவும் ஆகாசத்துல இருக்கணும். மேலே போனது தானா வரும், அதைத் தேடிப் போகாம கையை நீட்டிட்டு நில்லுங்க. பாட்டை நிறுத்திடாதீங்க."

"இவ்வளவுதானா?" என்றார் செங்கோடன். இதற்காகவா பெண்கள் இத்தனை காலம் அலட்டிக்கொண்டார்கள் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

அன்றே ஊர்க்கூட்டம் கூடியது. முதல் விதியை எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் விவாதித்தார்கள்.

"எப்பவும்னா ராத்திரியுமா?" என்று கேட்டான் நஞ்சப்பன்.

"ராத்திரியானா ஆகாசம் எங்காவது போயிருதா?" என்றார் செங்கோடன்.

"எறிஞ்ச காய் கொஞ்ச நேரத்துல கீழே வந்திருதுங்களே."

"அதனாலதான் காயோட ஓர் ஆளையும் மேலே அனுப்பறோம்."

நஞ்சப்பன் ஒல்லியானவன். ஆகையால் அவனைத் தேர்ந்தெடுத்து, கையில் ஒரு காயைக் கொடுத்து, இருப்பதிலேயே உயரமான ஏணியில் ஏற்றி, ஏணியைக் கோயில் மதிலில் சாத்தி வைத்தார்கள். சோறு, தண்ணீர் எல்லாம் ஊர்ச்செலவில் கழியில் கட்டி மேலே போயிற்று. அவன் பெண்சாதி மட்டும் ஏணியடியில் நின்று இரண்டு நாள் திட்டினாள். பிறகு வீட்டில் அரிசி மிச்சமாகிறதே என்று விட்டுவிட்டாள்.

மிச்சமிருந்த நாலு காயையும் செங்கோடனே எறிந்தார். நாலும் புளியமரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன.

"ஏறி எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டான் அத்தியப்பன்.

"தேடிப் போகக் கூடாதுங்கறது விதி. தானா வரும்." செங்கோடன் கையை நீட்டியபடி மரத்தடியில் நின்றார். வெகுநேரம் கழித்துக் காக்கை எச்சம் ஒன்று சரியாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. நிற்கிற இடம் தப்பில்லை என்று எல்லோருக்கும் காட்டினார்.

பாட்டு அத்தியப்பன் பொறுப்பு. நிறுத்தக் கூடாது என்றதால் அவன் நிறுத்தவில்லை. "குழம்பில் உப்பில்லை அம்மானை" என்று வீட்டில் பாடினான். பக்கத்துத் தெருவில் துக்கம் கேட்கப் போனவன், "நல்ல மனுஷன் போயிட்டார் அம்மானை, நாளைக்கு நானும்தான் அம்மானை" என்று ராகமாக இழுத்தான். இறந்தவரின் மச்சான்கள் அவனை வெளியே தூக்கிப் போட்டார்கள். அடி வாங்கும்போதும் "விலா எலும்பு வலிக்குதே அம்மானை" என்று அடி பிசகாமல் பாடினான். கலை என்றால் சோதனை வரத்தான் செய்யும் என்று செங்கோடன் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

நவராத்திரி வந்தது. ஏணியை நட்டக்குத்தலாக நிமிர்த்தி, உச்சியில் நஞ்சப்பன் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க, ஊர் ஆண்கள் மொத்தமும் அதைச் சுமந்து கிளம்பினார்கள். பின்னால் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாவாயி வந்தாள். வழியில் செங்கோடன் நின்று தன் வயலைப் பார்த்தார். இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். "ஏணியைக் கெட்டியாப் பிடிங்கப்பா, சோறு இதுலதான் இருக்குது," என்றார்.

பட்டக்காரர் அரண்மனை வாசல் வந்ததும் சங்கடம். ஏணி உயரம், வாசல் குட்டை.

"சாய்ச்சுக் கொண்டுபோகலாம்," என்றார் ஒருவர்.

"சாய்ச்சா அவன் ஆகாசத்தை விட்டு வந்திருவான்."

"ஏணியடியில கொஞ்சம் அறுத்திரலாம்."

"அறுத்தா அவன் கீழே வருவான்."

"அடியில அறுத்தா அடிதானுங்க குறையும்? அவன் உச்சியிலதானே இருக்கான்."

இதில் நியாயம் இருப்பதாகப் பாதிப்பேருக்குப் பட்டது. மீதிப்பேர் வாசலை மேலே தூக்கி வைப்பதுதான் மரியாதை என்றார்கள். காவல்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். "வாசலைத் தூக்க மாட்டாராம் அம்மானை," என்று அத்தியப்பன் எல்லோருக்கும் அறிவித்தான்.

அதற்கு முன்பே பாவாயி உள்ளே போய்விட்டாள். காய்ந்த நெல் அவள் கண்ணிலேயே நின்றது. காய்களோ புளியமரத்தில் இருந்தன. மூட்டையை அவிழ்த்து, மத்தியானப் பசிக்கென்று கட்டியிருந்த பொருள்விளங்கா உருண்டைகளை எடுத்தாள். கல் மாதிரி கெட்டியாக இருந்ததால் அவை தோதாகவே இருந்தன. பட்டக்காரர் முன்னால் ஐந்தையும் எறிந்தாள், பாடினாள், பிடித்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

வாசலில் விவாதம் உச்சத்தில் இருந்தபோது அரண்மனை ஆள் வெளியே வந்தான். "அம்மானை பிரமாதமாம். மதகை உங்க பக்கம் திறக்கச் சொல்லிட்டாருங்க."

செங்கோடன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நெல் பிழைத்துவிட்டது. எழுந்து, ஏணி உச்சியையும் அரண்மனை மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "மாடியில இருந்தே பார்த்திருக்காருப்பா. ரசிகர்."

"ஆடினது நானுங்க," என்றாள் பின்னால் வந்த பாவாயி.

"நீ உள்ளே விளையாடியிருப்பே புள்ள. அவர் ரசிச்சது இங்கே."

பாவாயி மிச்சமிருந்த நாலு உருண்டையை அவர் கையில் போட்டாள். "ஒன்னைப் பட்டக்காரர் கடிச்சுப் பார்த்தாருங்க. பல்லு ஆடுதாம். அவர் மனசு மாறறதுக்குள்ள ஊருக்குப் போயிரலாம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆண்கள் ஆளுக்கொரு மாலை வாங்கி வந்தார்கள். நஞ்சப்பனை மெல்ல இறங்கச் சொன்னார்கள். பாதி இறங்கியதும் செங்கோடன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினார்.

"காயைக் குடு நஞ்சப்பா. கோயில்ல வெச்சுக் கும்பிடலாம்."

நஞ்சப்பன் வெறுங்கையை விரித்தான். "அது முதல் நாளே விழுந்துருச்சுங்கண்ணா."

அத்தியப்பனின் பாட்டுகூட நின்றுபோனது.

"அப்புறம் எதுக்குடா இத்தனை நாளா மேலயே உட்கார்ந்திருந்தே?"

"அதை எடுக்க நானும் இறங்கிட்டா, அப்புறம் ஆகாசத்துல யாருங்கண்ணா இருப்பாங்க?"

செங்கோடனுக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பொறுப்பானவனைப் பெற்ற ஊர் வேறெங்கே இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. பாதியில் நின்றவனை மாலையோடு திரும்ப உச்சிக்கு ஏற்றிவிட்டு, ஏணியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள்.