பீர்க்கங்கொடியின் இருபக்கச் சுருள்

செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போது பீர்க்கங்கொடியின் பற்றுக்கைகள் சுருளாமல், நூல் போல நேராக நீண்டிருந்தன. மனிதர்கள் எடுத்துப் போட்ட இடத்தில் கொடி கிடக்கும்.

மலையடிவாரக் குடிசை ஒன்றில் நாச்சிமுத்துவும் அவன் மனைவி பழனாத்தாளும் இருந்தார்கள். பகலெல்லாம் காட்டில் களை வெட்டிக் களைத்து வருவார்கள். வந்ததும் கொடியை எங்கே ஏற்றுவது என்று தகராறு தொடங்கும்.

“கூரைமேல ஏத்துனாத்தானுங்க ஆடு கடிக்காது. நாளெல்லாம் ஆட்டைத் தொரத்தறது நானு.”

“கூரை மக்கிப்போனா வேயறது யாரு புள்ள? வேலியிலயே கெடக்கட்டும்.”

காலையில் அவள் கூரையில் ஏற்றுவாள். மாலையில் அவன் இறக்கி வேலியில் போடுவான். இப்படி இழுத்து இழுத்தே ஒரு கொடி வேரோடு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. குழம்புக்கும் அடுத்த விதைக்கும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆடி மாதம் பிறந்தது. ஒரு நாள் மாலை மேற்கே வானம் இருண்டு, காற்று ஊளையிட்டு வந்தது. கொடியோ பிடிமானம் இல்லாமல் தரையில் கிடந்தது. நாச்சிமுத்து கூரைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கொம்பை ஊன்றினான். பழனாத்தாள் கொடியைத் தூக்கிக் கொடுத்தாள். சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பற்றுக்கையின் நுனியைக் கொம்பில் மாட்டி, அவன் வலப்பக்கமாக முறுக்கினான். தண்டின் பக்கம் நின்ற அவள் இடப்பக்கமாக முறுக்கினாள்.

“யார் சொல்படி நான் சுற்றட்டும்?” என்று கொடி கேட்டது.

“அவளையே கேளு,” என்றான் அவன்.

“அவரு சொல்றபடியே ஆவட்டும்,” என்றாள் அவள்.

கொடி பெருமூச்சு விட்டது. “இத்தனை நாள் கழித்தா? ஒரு கொடியைக் கொன்ற பிறகா?”

இருவரும் தலை குனிந்தார்கள். கொடி யார் சொல்லையும் தள்ளவில்லை. பாதிவரை அவன் பக்கமாகச் சுருண்டது. நடுவில் கொஞ்சம் நின்றது. மீதி அவள் பக்கமாகச் சுருண்டது. காற்றும் மழையும் வந்து மோதியபோது அந்தச் சுருள் நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. அறுபடவில்லை.

கொம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, காற்று அடங்கும்வரை இருவரும் மழையில் நின்றார்கள்.

இன்றைக்கும் பீர்க்கங்கொடியின் பற்றுக்கையைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுருண்டு வந்து, நடுவில் சற்றே நின்று, பிறகு மறுபக்கமாகச் சுருளும். அந்த வழக்கம் அதற்கு வந்தது அந்த மாலையில்தான்.