ஒரு சாண் உயரத்தில் மூன்று கையெழுத்து

படிக்காத முட்டாள் ஊருக்கு ஒருவன் இருந்தால் சமாளித்துவிடலாம். டாக்டர் பட்டம் வாங்கிய முட்டாள்கள் மூன்று பேர் ஒரே குழுவில் உட்கார்ந்தால் கடவுளாலும் முடியாது. தென்கரைப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

அங்கே இயற்பியல் துறையில் இசக்கியம்மாள் நான்கு வருடம் பாடுபட்டு ஒரு பெட்டி செய்திருந்தாள். அதற்கு மேலே கையை நீட்டினால் காதுக்குக் கேட்காத ஒலி காற்றை அழுத்தும். எதுவும் படாமலே உள்ளங்கையில் யாரோ விரல் வைத்ததுபோல் இருக்கும். வேறு துறை விஞ்ஞானிகள் மூவர் "உணர்ந்தோம்" என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் ஆய்வு தொடரும். அன்று மாலை ஐந்து மணிக்குள் போடாவிட்டால் அவளுடைய அறை உடைந்த பெஞ்சுகளுக்குப் போய்விடும். பெஞ்சு தூக்கப் பதிவாளர் ஆட்களைக்கூட வரவழைத்துவிட்டார்.

வந்தார்கள் மூவரும். செடி ஆராயும் குழந்தைவேலு, பாறை ஆராயும் சவரிமுத்து, கணக்குப் பேராசிரியர் அப்பாத்துரை. வந்தவர்கள் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றார்கள்.

"உள்ள வாங்க சார்."

"கதவு சாத்தியிருக்கேம்மா. தொடாத ஆராய்ச்சின்னு அழைப்புல போட்டுட்டு, கதவைத் தொடச் சொன்னா எப்படி?" என்றார் அப்பாத்துரை.

அவளே திறந்துவிட்டாள். "பெட்டிக்கு மேல ஒரு சாண் உயரத்துல கையை வைங்க சார்."

"யாரோட சாண்?" என்று கேட்டார் சவரிமுத்து.

நல்ல கேள்வி என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூன்று பேர் சாணையும் கூட்டி மூன்றால் வகுத்ததில் மணி நாலாகிவிட்டது.

"மனுஷன் கை பொய் சொல்லும், பாறை சொல்லாது" என்று சவரிமுத்து பையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் பெட்டிக்கு மேலே பிடித்தார். பத்து நிமிடம் அதன் முகத்தையே பார்த்துவிட்டு, "கல்லுக்கு ஒண்ணும் தெரியல" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து குழந்தைவேலு ஒரு தொட்டாற்சிணுங்கித் தொட்டியை நீட்டினார். இலைகள் வரிசையாக மூடிக்கொண்டன. இசக்கியம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க சார்! யாரும் தொடல, செடிக்கே தெரியுது!"

மூவரும் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

"இது தொட்டாத்தானே மூடணும்?"

"ஆமா."

"யாராவது தொட்டோமா?"

"இல்லையே."

"அப்ப செடிதான் கெட்டுப்போச்சு."

"இருபது வருஷமா இந்தச் செடியை நம்பினேனே!" என்று குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இசக்கியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் பெட்டிக்கு மேலே நீட்டினாள். மூவரும் அலறினார்கள்.

"ஐயோ, யாரோ அழுத்துறாங்க!"

"உணர்ந்தீங்கல்ல? கையெழுத்துப் போடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமாப் போடுறோம். ஆனா முறைப்படி போடணும்" என்றார் அப்பாத்துரை. "தொடாத ஆராய்ச்சிக்குத் தாளைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆட்சேபம் வரும்."

சொல்லிவிட்டு, தாளுக்கு மேலே அதே சராசரிச் சாணில் பேனாவை ஓட்டினார். சவரிமுத்து அடியில் கோடும் இழுத்தார். குழந்தைவேலு, தான் துறைத்தலைவர் என்பதால் பச்சை மை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போட்டார். மூவரும் அவளை வாழ்த்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மணி நாலு ஐம்பத்தைந்து. இசக்கியம்மாள் வெற்றுத்தாளோடு பதிவாளரிடம் ஓடினாள்.

"கையெழுத்து எங்கம்மா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. "ஒரு சாண் மேல இருக்கு சார்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு தாளுக்கு மேலே உள்ளங்கையை மெல்ல நகர்த்தினார்.

"முதல் ரெண்டும் சரியா இருக்கு. இந்தப் பச்சை மைக்குக் கீழ தேதி இல்லையே? நாளைக்குப் போட்டுக் கொண்டா, ஆய்வு தொடரட்டும்." பிறகு ஆட்களைப் பார்த்து, "அதுவரைக்கும் பெஞ்சை அந்த அறையில அடுக்குங்கப்பா. ஆனா தரையில படக்கூடாது, ஒரு சாண் மேல இருக்கணும்" என்றார்.

குழந்தைவேலு மறுநாளிலிருந்து லீவு. ஆட்கள் பெஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.