மூன்றாம் நாள் பந்தி

சோஷலிசம் என்றால் என்ன, பாசிசம் என்றால் என்ன என்று சொல்லத் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் இருக்கின்றன. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பந்தி, ஓர் அண்டாப் பாயசம், ஒரு சாவி. கதையை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நாவல்குறிச்சிச் சீமையில் விளைச்சலுக்கும் குறைவில்லை, வயிற்றெரிச்சலுக்கும் குறைவில்லை. அடுத்த வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டால் இந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அந்தச் சீமையை ஆண்ட உலகம்மை நாச்சியாருக்குப் பிள்ளை இல்லை. உடம்பும் தளர்ந்துவிட்டது. ஊர்க் களஞ்சியத்தின் சாவி தவறான கைக்குப் போனால் ஊரே பட்டினி கிடக்கும் என்பது ஒன்றுதான் அவள் கவலை. சாவி கேட்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். நாச்சியார் ஒருவனைப் பார்த்துச் சிரித்தால் மற்ற இருவருக்கும் அன்று சோறு இறங்காது.

நாச்சியார் ஊரைக் கூட்டினாள். "ஆளுக்கொரு நாள் ஊருக்குப் பந்தி வையுங்க. அரிசி, பருப்பு, ஒரு அண்டாப் பாயசம், எல்லாம் மூணு பேருக்கும் ஒரே அளவுதான். எவன் பந்தியில குறைன்னு ஒரு சொல் என் காதுல விழலையோ, அவனுக்குச் சாவி. இது என் வாக்கு."

முதல் நாள் கூத்தபெருமாள் பந்தி. ஊர்ச் சொத்து ஊருக்கெல்லாம் சமம் என்பவன் அவன். எல்லா இலைக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. பிள்ளைகளின் இலையில் பாயசம் மிஞ்சியது, மண் வெட்டி வந்தவனுக்குப் பாதி வயிறுதான் நிறைந்தது. வடக்குத் தெருவில் பாய் முடையும் மாடத்திக்குக் கொஞ்சம் வாய் நீளம். நாச்சியார் உட்கார்ந்திருந்த மேல்மாடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தாயே, கிணறு வெட்டுறவருக்கும் பல்லு முளைக்காத பிள்ளைக்கும் ஒரே கரண்டியா? எனக்கு வேண்டாம், பக்கத்து இலைக்காவது பாயசம் போடச் சொல்லுங்க." பந்தியே சிரித்தது. கூத்தபெருமாள் மட்டும் கரண்டியின் அளவை மாற்றவில்லை.

இரண்டாம் நாள் ஆதிமூலம் பந்தி. அவனவன் கெட்டிக்காரத்தனம் அவனவன் இலையில் என்பது இவன் கட்சி. வீட்டிலிருந்து தயிரோ பழமோ கொண்டுவந்தவனுக்குக் கூடுதல் பாயசம் என்றான். கடைத்தெருக்காரர்களின் இலையில் பாயசம் வழிந்தோடியது. கடைசி வரிசைக்கு அண்டாவைச் சுரண்டி ஊற்றினார்கள். அந்த வரிசை முழுக்க முன்வரிசையைப் பார்த்துப் பொருமியது. மாடத்தி விடுவாளா? "முன்னால ஆறா ஓடுது, இங்க இலை காயுது. பக்கத்து இலைக்காவது போடுங்கய்யா" என்று சத்தம் போட்டாள்.

மூன்றாம் நாள் பெருஞ்சிங்கம் பந்தி. வாசலில் தடிக்காரர்களை நிறுத்தினான். இலை போடும் முன்பே முக்காலி மேல் ஏறி நின்று பேசினான்.

"ரெண்டு நாளா உங்க பாயசம் எங்க போச்சு தெரியுமா? பாட்டன் காலத்துல அக்கரையிலிருந்து வந்து ஒட்டிக்கிட்டானே வடக்குத் தெருக்காரன், அவன் வயித்துக்குள்ள போச்சு. இன்னைக்கு அவன் நிக்கட்டும், நீங்க உக்காருங்க."

வடக்குத் தெருவே சுவரோரம் நின்றது. அவர்கள் முடைந்த பந்திப்பாயில் ஊர் உட்கார்ந்தது. இலைக்கு அரைக் கரண்டிதான் விழுந்தது. ஆனால் தன் இலையை யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் சுவரோரத்தில்தான். நிற்பவர்களைப் பார்க்கப் பார்க்க அரைக் கரண்டியும் இனித்தது. ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். தடிக்காரர்கள் அவனையும் எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு தெருவே சாப்பிடவில்லை, சாப்பிட்டவர்களுக்கும் பாதிதான், ஆனாலும் பந்தி முடிந்தபோது அண்டா காலியாக இருந்தது. பெருஞ்சிங்கம் வாழ்க என்ற கூச்சல் மேல்மாடம் வரை வந்தது.

நாச்சியாரின் காதில் குறை என்று ஒரு சொல்லும் விழவில்லை. இத்தனை காலம் ஆண்ட தன் பெயரை ஊர் ஒருநாளும் இப்படிக் கூவியதில்லையே என்று அவள் நெஞ்சு பற்றி எரிந்தது. இவனுக்குச் சாவி கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஒப்பாதது அறிவா, பொறாமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மற்ற இருவரையும் அப்போதே மேல்மாடத்துக்குத் தனித்தனியே அழைத்து யோசனை கேட்டாள். "எனக்கு இல்லேன்னா பெருஞ்சிங்கத்துக்கே குடுங்க தாயே. அந்த ஆதிமூலத்துக்கு மட்டும் வேண்டாம்" என்றான் கூத்தபெருமாள். ஆதிமூலமும் அதையேதான் சொன்னான், பெயரை மட்டும் மாற்றி.

இப்போது சொல்லுங்கள். நாச்சியார் தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா, மீற வேண்டுமா? சாவி யார் கைக்குப் போவது சரி?

விடை: வாக்கை மீற வேண்டிய தேவையே இல்லை. அப்படி என்னதான் விருந்து போட்டுவிட்டான் என்ற பொறாமையில், ஊர் இலையை விட்டு எழும் முன்பே நாச்சியார் படியிறங்கி வந்தாள். பொறாமையும் ஒரு நல்ல காரியம் செய்த நாள் அது. சுவரோரம் நின்ற மாடத்தியிடம், "உனக்கு ஏதும் குறை உண்டா?" என்று கேட்டாள். மாடத்தி தடிகளைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. நாச்சியார் தடிக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டாள். "பாயசம் கிடக்கட்டும் தாயே. அந்தப் பாய் என் கையால முடைஞ்சது. ஒரு ஓரமா உக்கார விட்டிருக்கலாம்" என்றாள் மாடத்தி. அந்தக் குறையும் காதில் விழுந்ததும் மூன்று பந்தியிலும் குறை வந்தாயிற்று, வாக்கு தீர்ந்தது. அதன் பிறகுதான் ஊர் தன் இலையைக் குனிந்து பார்த்தது. தேடிப் பார்த்தால், மிச்சப் பாயசம் வாசலில் தடிக்காரர்களின் வண்டியில் இருந்தது. வருஷத்துக்கு ஒருவன் கையில் தரச் சொல்லிச் சாவியை நாச்சியார் ஊர்ச் சபையிடம் கொடுத்தாள். இந்த வருஷம் கூத்தபெருமாளா, ஆதிமூலமா என்று நாவல்குறிச்சி இன்றும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்கிறது. சண்டை போட முடிகிற வரை கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிவிடலாம். முதல் இரண்டு நாளும் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்க ஓர் ஆள் இருந்தாள். மூன்றாம் நாள் பந்தியில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.