கரடி மாட்டிய பலகை

மூங்கிலாற்றுக் காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் போகும் பாதையும் ஒன்றுதான். அந்தப் பாதையை ஒட்டி மத்தளம் என்ற கரடி குடியிருந்தது. தன் பலா மரத்தைக் காவல் காக்க, சூரன் என்ற நாயை அது வளர்த்தது.

ஒரு நாள் காலை, செண்பகம் என்ற புள்ளிமான் தன் குட்டியுடன் தண்ணீர் குடிக்கப் போனது. திடீரென்று 'வள்!' என்று சூரன் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. அதன் குறி குட்டிதான். செண்பகம் குறுக்கே பாய்ந்தது. அதன் பின்னங்காலில் நான்கு பற்கள் பதிந்தன.

சத்தம் கேட்டு மத்தளம் ஆடி அசைந்து வந்தது.

"அட, விளையாடியிருப்பான்! என் சூரன் கடிக்கவே மாட்டான்!"

"இரத்தம் வருகிறதே, அண்ணே!"

"லேசாகப் பல் பட்டிருக்கும். இதற்குப் போய் இத்தனை கூச்சலா? மிளகாய்ப்பொடியை அப்பு, சரியாகிவிடும்!"

செண்பகம் சண்டைக்கு நிற்கவில்லை. தலையை நிமிர்த்தி மரத்தின் மேலே பார்த்தது. அங்கே மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, நான் எங்கே நின்றேன் என்று பார்த்தீர்களா?"

"பார்த்தேனே! நீ பாதையில்தான் நின்றாய். நாய்தான் வேலி தாண்டி வந்தது!"

"இதை நீதிபதி முன்னால் சொல்வீர்களா?"

"ஏன் சொல்லமாட்டேன்? நீ முதலில் காலைப் பார்!"

செண்பகம் நொண்டிக்கொண்டே குளத்து மதகுக்குப் போனது. ஓடுகிற தண்ணீரில் காலை நீட்டியது. பூந்திக்கொட்டை நுரையைப் போட்டு, மர நிழல் ஒரு சாண் நகரும்வரை கழுவிக்கொண்டே இருந்தது.

"அம்மா, இப்படிக் கழுவினால் கடித்த தடம் போய்விடாதா? அப்புறம் நம்மை யார் நம்புவார்கள்?" என்று கேட்டது குட்டி.

"உயிர் இருந்தால்தானே, கண்ணு, வழக்குப் பேச முடியும்!"

அடுத்து அது போனது முள்ளம்பன்றி டாக்டரிடம். அந்தக் காட்டில் ஊசிக்குப் பஞ்சமே இல்லாத டாக்டர் அவர்தான்.

"மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று எதையாவது அப்பினாயா?"

"இல்லை, டாக்டர்."

"பிழைத்தாய்! இன்றைக்கு ஊசி போடுகிறேன். மற்ற ஊசிகளுக்கும் நான் சொல்கிற நாளில் வந்து நிற்க வேண்டும். வலி போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிடாதே! அந்த நாய்க்கு வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும்."

எந்த நாள், எந்தக் கால், எத்தனை பல் என்று டாக்டர் ஓர் இலையில் எழுதிக் கொடுத்தார். செண்பகம் அதைக் கவ்விக்கொண்டு நேராக நீதிபதி காட்டெருமையிடம் போய்ப் புகார் கொடுத்தது.

மாலையில் மத்தளம் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, பழம் உனக்குத்தான்! இந்த இலையில் ஒரு குளம்பை மட்டும் பதித்துவிடு."

"இதில் என்ன எழுதியிருக்கிறது, அண்ணே?"

"'நான்தான் வேலி தாண்டிப் போனேன்' என்று சும்மா ஒரு வரி!"

குட்டியின் மூக்கு துடித்தது. செண்பகத்துக்கும் பசிதான்.

"பழம் நன்றாகத்தான் மணக்கிறது. ஆனால், நாளைக்கும் என் குட்டி அந்தப் பாதையில்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். எடுத்துக்கொண்டு போங்கள்!"

மறுநாள் விசாரணை நடந்தது. மரங்கொத்தி, தான் பார்த்ததைச் சொன்னது. டாக்டரின் இலையை நீதிபதி இரண்டு தடவை படித்தார்.

மத்தளம் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தது. "ஐயா, என் சூரன் பச்சைக் குழந்தை! இதுவரை ஓர் எறும்பைக்கூடக் கடித்ததில்லை! இவள் ஏதோ செய்து அவனைக் கிளப்பிவிட்டிருக்கிறாள்!"

"ஒரே ஒரு கேள்வி, அண்ணே," என்றது செண்பகம். "உங்கள் வேலியில் 'நாய் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை தொங்குகிறதே, அதை எப்போது மாட்டினீர்கள்?"

"சித்திரையிலேயே மாட்டிவிட்டேன்!" என்றது கரடி பெருமையாக. "முன்கூட்டியே எச்சரித்தாயிற்று. அப்புறம் யாரைக் கடித்தாலும் எனக்குப் பொறுப்பில்லை!"

"எறும்பைக்கூடக் கடிக்காத நாய்க்கு எதற்கு அண்ணே பலகை?"

"அது... சும்மா அழகுக்கு..." என்று இழுத்தது மத்தளம். காலடியில் படுத்திருந்த சூரன், எசமான் திணறுவதைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு துள்ளி எழுந்தது.

"மறந்துவிட்டீர்களா, எசமான்? மாசியில் கீரி! பங்குனியில் உடும்பு! அப்புறம் அந்தக் கிழ முயல்! ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டிக்கொடுத்தீர்களே! அதற்கப்புறம்தானே பலகை வந்தது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒளிந்திருந்த கீரி, மெல்ல எழுந்து தன் வாலில் இருந்த தழும்பைக் காட்டியது. "நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்" என்றது.

நீதிபதி தலையைச் சிலுப்பினார்.

"நாய் கடிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவிழ்த்துவிட்டிருக்கிறாய். பாதை எல்லோருக்கும் பொது. பலகை மாட்டிவிட்டால் அது உன்னுடையது ஆகிவிடாது! வேலியை உயர்த்திக் கட்டு. நாயைப் பத்து நாள் கட்டிவை, டாக்டர் வந்து பார்ப்பார். அதற்குப் பிறகும் நீ கயிற்றைப் பிடிக்காமல் அது வெளியே வரக் கூடாது. செண்பகத்தின் கால் ஆறும்வரை தழையும் தண்ணீரும் நீதான் சுமக்க வேண்டும்!"

"பலகையைக் கழற்றிவிடட்டுமா, ஐயா?" என்று கேட்டது கரடி, ஈனக் குரலில்.

"கழற்றாதே! திருப்பி, வேலிக்கு உள்பக்கம் மாட்டு. அதைத் தினமும் படிக்க வேண்டியவன் நீதான்!"

பத்து நாள் ஆகியும் சூரனிடம் நோயின் அறிகுறி ஏதும் தெரியவில்லை. செண்பகம் அப்போதும் டாக்டர் சொன்ன நாள் எதையும் தவறவிடவில்லை. குட்டி துள்ளிக்கொண்டு முன்னால் ஓட, கீரியும் உடும்பும் அதே பாதையில் குளத்துக்கு நடந்தன.

கடிபட்டவர் முதலில் காயத்தைக் கவனித்துவிட்டு, பிறகு பயத்துக்கும் பழத்துக்கும் மயங்காமல் நடந்ததை உரிய இடத்தில் சொன்னால், அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பாதையில் நடக்கும் எல்லோருக்கும் நன்மை உண்டாகும்.