அகத்திக்கீரையில் முடியும் பாட்டு

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நாலு பேர் ஒன்றுகூடி, மைக்செட் வாடகைக்கு எடுத்து, தங்கள் முட்டாள்தனத்தை ஊரறியச் செய்யும் கொடுப்பினை கோணக்குளத்துக்குத்தான் வாய்த்தது.

கோணக்குளம் மெல்லிசைக் குழுவில் தவசிலிங்கம் கிட்டார், பூலோகம் கீபோர்டு, ஐயம்பெருமாள் பேஸ் கிட்டார், வெயிலுமுத்து டிரம்ஸ். தவசி தன்னை முட்டாள் என்று தானே ஒப்புக்கொள்வான். நம்மில் இது தெரிந்த ஒரே ஆள் இவன்தான் என்று மற்ற மூவரும் அவனைத் தலைவனாக்கியிருந்தார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அமுக்கினால் வருவது கார்டு. உலகத்தார் அதற்கு சி மேஜர், ஏ மைனர் என்று பேர் வைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். இவர்களோ கேள்வி ஞானத்தில் வளர்ந்தவர்கள். தவசி 'ஆத்தங்கரை' என்று சொல்வதைப் பூலோகம் 'வெள்ளிக்கிழமை' என்பான். அவன் விரலுக்கு அது அகப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஐயம்பெருமாள் எல்லாவற்றையும் 'அந்தா, அது' என்பான். மேடையில் தவசி "ஆத்தங்கரை" என்று கத்தினால் ஆளுக்கொரு திசையில் போவார்கள். பாட்டு ஆரம்பிக்கும். முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. கை வலித்தவன் முதலில் நிறுத்துவான், அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் தவசிக்குக் காதல் வேறு. பக்கத்து ஊர் பேண்டு மாஸ்டர் கோமதிநாயகத்தின் இளைய மகள் ஆவுடை. அவளுக்கும் சம்மதம். ஏன் சம்மதம் என்று தவசிக்கே விளங்கவில்லை. துணிந்து பெண் கேட்டுப் போனான்.

"மூத்தவ கல்யாணத்துல ஒரே ஒரு பாட்டு வாசிங்க," என்றார் மாஸ்டர். "சேந்து ஆரம்பிச்சு, சேந்து முடிக்கணும். முடிச்சிட்டா ஆவுடையத் தாரேன். இல்லைன்னா இந்தத் தெருப் பக்கமே வரப்படாது."

"எப்படி அண்ணாச்சி முடிக்கது?"

"மொதல்ல எல்லாரும் ஒரே பேரா வைங்கவே."

வைத்தார்கள். எல்லாக் கார்டுக்கும் ஒரே பேர், முருங்கைக்காய்.

"இப்ப என்னல வாசிக்கணும்?"

"முருங்கைக்காய்."

"அதுக்கு அடுத்து?"

"அதுவும் முருங்கைக்காய்தான்."

"இம்புட்டு சுலபமான வேலைக்கா இத்தன வருசம் கஷ்டப்பட்டோம்?" என்றான் ஐயம்பெருமாள். வாசித்தார்கள். தெருநாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தாளில் ஐந்து கோடு போட்டுப் பாட்டை முறைப்படி எழுதிக் கொடுத்தார். "இதப் பாத்து வாசிங்க. பாசை தெரியாத சீமைக்காரன் பாத்தாலும் இதே பாட்டுதான் வரும்."

நாலு பேரும் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு கம்பிதான் போட்டிருக்காரு. என் கிட்டாருல ஆறு இருக்கே," என்றான் தவசி.

"என்னதுல நாலுதான் உண்டு," என்றான் ஐயம்பெருமாள்.

"கம்பியே இல்லாதவன் நான் என்னல செய்ய?" என்றான் பூலோகம்.

தவசி ஒரு கோட்டைக் கூடப் போட்டான். ஐயம்பெருமாள் இரண்டை அழித்தான். மிச்சத்தைப் பூலோகம் அழித்தான். கடைசியில் மிளகு சிந்தினாற்போல் கொஞ்சம் புள்ளிகள் கிடந்தன.

டிரம்ஸ்காரனுக்குக் கார்டு கிடையாது. அதனால் யோசிக்க வெயிலுமுத்துவுக்கு நிறைய நேரம் இருந்தது. "பேரும் வேண்டாம், தாளும் வேண்டாம். சாமானையே வச்சிருவோம். கத்திரிக்காயப் பாத்து எவனாவது வெண்டைக்காய்னு சொல்லுவானா?"

தவசி எப்படி யோசித்தும் இதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

கார்டுக்கு ஒரு காய் என்று தீர்மானமானது. அழுகிற கார்டுக்குப் பாகற்காய். பெரிய கார்டுக்குப் பூசணி. ஏகாதசி விரதத்தை மறுநாள் அகத்திக்கீரை சாப்பிட்டுத்தானே முடிப்பார்கள்? அதனால் பாட்டின் கடைசிக் கார்டு அகத்திக்கீரை. காய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து வாசித்தார்கள். மூன்று பேர் விரலும் ஒரே கார்டில் விழுந்தது. தவசிக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாண நாளில் மேடை விளிம்பில் பாட்டை அடுக்கினார்கள். தாலி கட்டி முடிந்ததும் வாசிப்பு தொடங்கியது. கத்திரிக்காய், வெண்டை, பாகல் என்று பாட்டு அச்சுப் பிசகாமல் போனது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பாருக்குக் கத்திரிக்காய் பற்றாமல் போயிற்று. சமையல்காரர் நாகரிகம் தெரிந்தவர். வரிசையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து, பாதியை வெட்டிக்கொண்டு, பாதியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

"பாதிக் காய்தானல இருக்கு, என்ன செய்ய?" என்றான் பூலோகம், வாசித்துக்கொண்டே.

"பாதி விரல எடுத்திரு," என்றான் தவசி.

அதையும் சமாளித்துவிட்டார்கள். பூசணியும் தாண்டியது. அடுத்து அகத்திக்கீரை. அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மேடைக்குக் கீழே மாஸ்டர் வீட்டு ஆடு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது.

"முடிவ ஆடு தின்னுட்டு," என்றான் ஐயம்பெருமாள்.

"அப்பம் முடிக்க முடியாதே. மொதல்லேருந்து வாங்கல," என்றான் தவசி.

முதலிலிருந்து வந்தார்கள். மறுபடி அதே வெறும் இடம். மறுபடி முதலிலிருந்து. ஒரு பந்தி எழுந்து, அடுத்த பந்தி உட்கார்ந்து, அதுவும் பாயசத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஆவுடை நின்றாள். ஒரு கட்டுக் கீரையில் பெண்டாட்டியைத் தொலைத்தவன் உலகத்திலேயே தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று தவசி நினைத்தான். கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடலாம். ஓடினாலும் முடித்ததாக ஆகாதே.

"கீரை எங்கயும் போவலியே," என்றான் வெயிலுமுத்து, கொட்டுவதை நிறுத்தாமல். "ஆட்டுக்குள்ளதான இருக்கு."

தவசி பதில் சொல்லுமுன், ஆவுடை ஆட்டைக் கயிற்றோடு இழுத்து வந்தாள். மேடையில் ஏற்றி, பூசணிக்கு அடுத்து, கீரை இருந்த இடத்திலேயே நேராக நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, இதிலென்ன இவ்வளவு யோசனை என்பதுபோல் அவனைப் பார்த்தாள். அவளுக்கு ஏன் சம்மதம் என்பது தவசிக்கு அப்போதுதான் விளங்கியது.

கத்திரிக்காய், வெண்டை, பாகல், பாதிக் கத்திரிக்காய், பூசணி, ஆடு. எல்லோரும் சேர்ந்து நிறுத்தினார்கள். "மே," என்றது ஆடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு தட்டினார்கள்.

மாஸ்டர் மேடைக்கு வந்தார். "முடிச்சிட்டீரு. சொன்ன சொல்லு மாறமாட்டேன். ஆனா இதுக்குத்தாம்வே தாளப் பாத்து வாசிங்கன்னு அடிச்சிக்கிட்டேன்."

"தாளையும் ஆடு திங்கும்லா மாமா."

மாஸ்டர் ஆட்டின் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டார். "சரி மாப்பிள, சனங்க கேக்காங்க. இன்னொரு பாட்டு வாசிக்க முடியுமா?"

தவசி மற்ற மூவரையும் கூப்பிட்டு ரகசியமாகக் கலந்து பேசினான். ஆவுடையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். பிறகு பணிவாகச் சொன்னான்:

"தாராளமா வாசிக்கலாம் மாமா. அந்தப் பாட்டுக்கு இன்னும் மூணு ஆடு வேணும்."