முதல் வரி சரியில்லை

"இந்தப் பழைய வெர்ஷனைக் கட்டிக்கிட்டு இனிமே என்னால மாரடிக்க முடியாது மேடம்."

அருமைநாயகம் கதவைத் தட்டவும் இல்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. பானு மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

குருவுக்குத் தாடி வேண்டும், சீடன் சின்னப் பையனாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இங்கே சீடருக்கு ஐம்பது நெருங்குகிறது. குருவுக்கு வீட்டில் கைக்குழந்தை. பாளையங்கோட்டையில், ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் ஆபீஸ் அது. யாருக்கும் பிடிபடாத சிக்கல் வந்தால் எல்லோரும் அந்த அம்மாவின் மேசைக்குத்தான் போவார்கள். அருமைநாயகமும் போவார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு ஊர்ல மலேரியா டெஸ்ட் ஓடவே இல்ல. டெஸ்ட் பண்ணாத ரத்தத்தப் பிள்ளை பெத்த பொண்ணுக்கு ஏத்திட்டாங்க. சாகக் கெடந்து பொழச்சிருக்கா."

பானு மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் செய்கிற சோதனை ஒவ்வொன்றும் அந்த மென்பொருளில் ஒரு பிள்ளை கிளாஸ், அதாவது தனி நிரல் துண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தாய் கிளாஸ். ஒரு பை ரத்தம் வந்தால், தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்த நிரல்மொழியின் புது வெர்ஷனில், பிள்ளை பிறந்ததுமே தாய்க்குத் தானாகத் தகவல் போய்விடும். பழைய வெர்ஷனில் போகாது. எழுதுகிறவன்தான் ஞாபகமாகச் சேர்த்துவிட வேண்டும். மலேரியா டெஸ்டை எழுதிய புண்ணியவான் மறந்துவிட்டான்.

"பெத்த பிள்ளையத் தெரியாத தாய் என்ன தாய்? எல்லா ஊர்லயும் பழசத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு போடச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு. செலவு அதிகமாம், மாசத்துக்கு ஒரு ஊருன்னுதான் மாத்துவாங்களாம்."

"அதுவரைக்கும்?"

"புதுசுல இருக்கிறதப் பழசுக்கு நீங்க எழுதிக் குடுங்க."

அருமைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ செலவு பார்க்கிறான், எவனோ மறக்கிறான், எழுதுவது மட்டும் நான். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. டீ கொண்டுவந்தவர் மேல் எரிந்து விழுந்தார். ஆனால் எழுதிவிட்டார். பழைய வெர்ஷனிலும் பிள்ளை பிறந்த கையோடு தாய்க்குத் தகவல் போனது. சோதித்துப் பார்த்ததில் ஒரு பிழை இல்லை.

அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதி முடித்த நிரலின், அந்தக் கோடின், தலையில் ஒரு குறிப்பு எழுதினார்: 'இதை எழுத வைத்தவர்கள் விளங்கவே மாட்டார்கள்.'

பானு மேடம் திரையின் உச்சியை மட்டும் பார்த்தார்.

"முதல் வரி சரியில்ல சார்."

சரி, சாபம் விட்டது தப்புதான். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தார்.

"முதல் வரி சரியில்ல."

என் பேருகூட இவளுக்கு உறுத்துகிறதோ என்று உள்ளுக்குள் கொதித்தார். நின்ற இடத்திலேயே பெயரையும் அழித்தார்.

"இந்தா, இப்ப முதல் வரியே இல்ல. போதுமா?"

"ஆமா, இல்ல. அதத்தான் சொல்லுதேன்."

அருமைநாயகம் மேசையில் ஓங்கித் தட்டினார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"வெளையாடுதீங்களா மேடம்? அங்க ஒரு பொண்ணு செத்துப் பொழச்சிருக்கா. நீங்க இத நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு நாளும் இன்னொரு பை வெளிய போகுது. எனக்கு வயசாயிட்டு, நீங்க சொல்லுற புதிருக்கெல்லாம் விடை தேட நேரமில்ல. கோடு தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

பானு மேடம் எழுந்தார். ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்தார். சிவப்பு மையை இரண்டு சொட்டு விட்டார். மூலையில் இருந்த பரிசோதனை மெஷினில் அதைச் சொருகி, பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவருடைய கோடை ஏற்றினார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது புது வெர்ஷன் மேடம். நான் எழுதினது பழசுக்கு."

"எல்லா ஊருக்கும் ஒரே கோடுதானே சார் போகுது. நாளைக்கு முதல் ஊருக்குப் புதுசு மாத்துதாங்க."

மெஷின் ஓடத் தொடங்கியது. மலேரியா டெஸ்டுக்குக் கொஞ்சம் உறிஞ்சியது. மறுபடியும் மலேரியா டெஸ்டுக்கு உறிஞ்சியது. மஞ்சள் காமாலைக்கு ஒருமுறை, மஞ்சள் காமாலைக்கே இன்னொருமுறை. பாதி டெஸ்ட் முடியவில்லை, குழாய் காலி.

திரையில் வந்தது: 'மாதிரி போதவில்லை. பை நிராகரிக்கப்பட்டது.'

அருமைநாயகம் குனிந்து தன் கோடை மறுபடி படித்தார்.

புது வெர்ஷன் தன் பங்குக்குத் தாயிடம் சொன்னது. அவர் கோடும் போய்ச் சொன்னது. ஒரே பிள்ளையைத் தாய் இரண்டாக எண்ணிக்கொண்டது. நாளைக்கு அந்த ஊரில் நல்ல ரத்தம் குப்பைக்குப் போகும். அங்கேயும் ஒருத்தி பிள்ளை பெற்றுவிட்டு ரத்தத்துக்குக் காத்துக்கிடப்பாள். அதற்கு யாரைத் திட்டுவது?

ஒரு வாரமாக ஊரையே திட்டியவருக்கு இப்போது தன் மேலேயே கோபம் வந்தது. முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி தட்டினார். 'பிள்ளை பிறந்ததைத் தாய்க்குச் சொல்ல இந்த வெர்ஷனுக்கே தெரியும் என்றால், கீழே உள்ள எதையும் செய்யாதே.'

பானு மேடம் இன்னொரு குழாய் தண்ணீர் பிடித்துவந்து சொருகினார். மலேரியா ஒருமுறை. மஞ்சள் காமாலை ஒருமுறை. எல்லா டெஸ்டும் முடிந்தது. குழாயில் மிச்சம் இருந்தது.

"இப்ப உங்க கோடு என்ன சார் செஞ்சுது?"

அருமைநாயகம் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு வார உழைப்பு அப்படியே அங்கே இருந்தது.

"ஒண்ணும் செய்யல மேடம்."

"அனுப்புங்க."